கடற்கரைச் சீரமைப்பும் கருத்துக்கேட்பும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னைக் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிப் போகிறது லூப் சாலை. அதன் ஒரு பக்கம் நொச்சிக்குப்பம் முதலான மீனவக் குப்பங்கள், மறுபக்கம் மணலும் கடலும். 2023 ஏப்ரலில் அந்தச் சாலையின் நெரிசலையும் ஆக்கிரமிப்பையும் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலையோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் படகையும் வலையையும் நடுச்சாலையில் கொண்டுவந்து போட்டு மறியலில் உட்கார்ந்தார்கள். இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் விற்கிறோம், சாலை பிற்பாடு வந்தது, எங்களைக் கேட்காமல் எங்கள் இடத்தைப் பற்றி முடிவெடுப்பது எப்படி என்பதே அவர்கள் வாதம்.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் வன்னியம்பட்டி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்களுக்கு இந்த விவகாரம் அன்னியமானதல்ல. நம் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். கண்மாய்க்கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைக்கும் திட்டங்கள் இப்போது ஊர் ஊராக வருகின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். கரை எதுவானாலும் மக்கள் கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

குப்பையும் நாற்றமுமாகக் கிடக்கிற கடற்கரையைச் சுத்தம் செய்ய வருகிறார்கள். நல்ல காரியம்தானே, அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

சுத்தம் செய்வதை யாரும் எதிர்க்கவில்லை. கழிப்பறை இல்லை, மீன் கழிவை அள்ளுவதில்லை, விளக்கு எரிவதில்லை என்று குப்பத்து மக்கள்தான் முதலில் புகார் சொல்கிறார்கள். சீரமைப்பு என்ற பேச்சு எழுந்தவுடன் அவர்கள் கலவரப்படுவதற்குக் காரணம், சுத்தத்தோடு சேர்த்துத் தங்களையும் அப்புறப்படுத்திவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

மெரினாவின் உலாவும் சாலை 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் உருவானது. மீனவக் குப்பங்கள் அதற்கும் முற்பட்டவை. 1985-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற முனைந்தார்கள். மீனவர்கள் போராடினார்கள். அது துப்பாக்கிச்சூட்டில் முடிந்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2003-இல், 1914-இலிருந்து மெரினா எதிரில் நிற்கும் ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தது. மாணவியர் உள்ளே உட்கார்ந்து போராட, திட்டம் நின்றது. பிறகு கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வரை கடலோரமாக உயர்மட்டச் சாலை என்றார்கள். அதற்கும் மீனவர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சாலை கட்டப்படவில்லை. இத்தனையையும் பார்த்தவர்கள் புதிய வரைபடத்தைக் கண்டதும் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று. திட்டம் போடுகிறவர் காகிதத்தில் காலி இடம் என்று பார்ப்பது கரையில் காலியாக இருப்பதில்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். பாடு முடிந்து வந்த ஃபைபர் படகைப் பத்துப் பேர் தள்ளி அலை எட்டாத மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். அதற்கு அகலமான மணல் வேண்டும். பக்கத்தில் வலையை விரித்து உட்கார்ந்து, சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். கழற்றும்போது அறுந்த கண்ணியை அங்கேயே பின்னுகிறார்கள். மீனைக் கூடையிலிருந்து மணலில் கொட்டிய இடமே ஏலக்களம். அங்கே எடுத்த மீன் ஐஸ்கூட வைக்காமல் சில நிமிடங்களில் சாலையோரப் பலகைக்கு வந்துவிடுகிறது. நெத்திலி காய்வது இன்னொரு மூலையில். காலை பதினொரு மணிக்கு அதிகாரி வந்து பார்க்கும்போது பாதி வேலை முடிந்து மணல் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையில்தான் பெஞ்சும் செடித்தொட்டியும் வரையப்படுகின்றன.

ஒரு நடைபாதை, நாலு விளக்குக்கம்பம். இதனால் கடலுக்கு என்ன கெட்டுவிடும்?

கடலோரத்தில் வைக்கும் ஒரு கல்லுக்கும் விளைவு உண்டு என்பதற்குச் சென்னையே சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகன்ற மெரினா உண்டானது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கடல் ஊருக்குள் ஏறியது. அங்கே இன்றைக்கும் பாறாங்கல் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள். ஊர் மக்கள் உலாவப் போகும் மணலும் வட சென்னை மீனவர்கள் இழந்த மணலும் ஒரே கட்டுமானத்தின் இரண்டு விளைவுகள்.

விளக்கின் கதை வேறு. ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் சென்னைக் கரையேறி முட்டையிடுகின்றன. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும். இருட்டுக் கரையில் அந்த வெளிச்சம் கடல். கரையில் பெரிய விளக்கு எரிந்தால் குஞ்சு சாலையை நோக்கி வந்து செத்துப்போகும். மாணவர்களும் தன்னார்வலர்களும் பல பத்தாண்டுகளாக இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பது இதனால்தான். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது இழுவை மடி. ஆனால் மிஞ்சியவை கரை சேரும்போது இருட்டாவது இருக்க வேண்டும். விளக்கே வேண்டாம் என்பதில்லை. எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எந்த மாதங்களில் எத்தனை மணி வரை எரியும் என்பதைத் திட்ட அறிக்கை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் ஓட்டெடுப்பு மாதிரியா? நிறையப் பேர் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடுமா?

நிற்காது. பலர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். 2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இந்தக் கூட்டங்களுக்கு விதி. அதன்படி கை தூக்கி எண்ணுவது கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். கூட்டத்தைப் புறக்கணித்தால் அது நடக்காமல் போய்விடும் என்று நம்புவது வீண். எதிர்ப்பே பதிவாகாமல் முடியும், அவ்வளவுதான்.

அப்படியானால் கூட்டத்தின் பயன் என்ன? பதிவு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவர் பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். முழுவதும் வீடியோவில் பதிவாகும். முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தை எழுதி, அங்கேயே கூட்டத்துக்கு வாசித்து, உள்ளூர் மொழியில் விளக்கி, அன்றைக்கே தலைவர் கையெழுத்திட வேண்டும். இந்த ஆவணம்தான் பிறகு நிபுணர் குழு முன்னும் தேவைப்பட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னும் வைக்கப்படுகிறது. நீங்கள் மேடையில் எவ்வளவு ஆவேசமாகப் பேசினாலும் அந்தத் தாளில் ஏறவில்லை என்றால் பேசாததற்குச் சமம்.

வாசித்துக் காட்டும்வரை பெரும்பாலோர் இருப்பதில்லை. சாப்பாட்டு நேரம், பஸ் நேரம் என்று கிளம்பிவிடுகிறார்கள். பத்துப் பேராவது கடைசிவரை உட்கார்ந்திருங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

எல்லாக் கடற்கரைத் திட்டத்துக்கும் இந்தக் கூட்டம் கட்டாயமா?

இல்லை. 2006 அறிவிக்கையிலேயே கட்டடம், பகுதி மேம்பாடு போன்ற பல பணிகளுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. துறைமுகத்துக்குக் கூட்டம் உண்டு. கரையில் நடைபாதை, கடைகள், வாகன நிறுத்தம் என்று சிறிது சிறிதாகப் பிரித்துச் செய்யும் பணிக்குப் பல நேரம் கிடையாது. மாநகராட்சியோ பெருநகர வளர்ச்சிக் குழுமமோ தாமாகக் கூப்பிட்டு நடத்தும் கலந்தாய்வு நல்ல பழக்கம்தான். ஆனால் அது மேலே சொன்ன விதிகளுக்கு உட்பட்டதல்ல. அங்கே வாசிக்கப்படும் நடவடிக்கைக் குறிப்பு இல்லை, ஆட்சியர் கையெழுத்து இல்லை. ஆகவே கூட்ட அழைப்பு வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்பது. சட்டக் கூட்டம் இல்லை என்றால், எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிவு பண்ணிவிட்டு ஒப்புக்குத்தானே கூப்பிடுகிறார்கள்?

இந்தச் சந்தேகத்தைத் தவறு என்று தள்ள முடியாது. 2023 ஜனவரி 31 அன்று சென்னைக் கலைவாணர் அரங்கத்தில் ஒரு கருத்துக்கேட்பு நடந்தது. மெரினா கரையிலிருந்து சுமார் 360 மீட்டர் உள்ளே, கடலில், மு. கருணாநிதிக்குப் பேனா வடிவ நினைவுச் சின்னம் அமைக்கும் திட்டம் அது. மதிப்பு 81 கோடி ரூபாய். ஆதரித்தும் எதிர்த்தும் பேசினார்கள். கூச்சலும் குழப்பமுமாகக் கூட்டம் நடந்தது. மீனவர் தரப்பிலிருந்தும் சூழல் ஆர்வலர்களிடமிருந்தும் ஆட்சேபங்கள் வந்தன. சில மாதங்களில் ஒன்றிய அரசின் அனுமதி நிபந்தனைகளோடு வந்துவிட்டது. எதிர்த்தவர்கள் மனம் சோர்ந்ததில் வியப்பில்லை.

மும்பையில் வேறு மாதிரி நடந்தது. கடற்கரைச் சாலைத் திட்டத்தில் வொர்லி கோலிவாடா அருகே பாலத் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள். காற்றும் நீரோட்டமும் தள்ளும்போது படகு தூணில் மோதும், இந்த இடைவெளி போதாது என்று கோலி மீனவர்கள் விடாப்பிடியாகச் சொன்னார்கள். வேலையை நிறுத்தினார்கள், பேச்சுவார்த்தைக்குப் போனார்கள், மறுபடி போராடினார்கள். கடைசியில் மாநகராட்சி வடிவமைப்பை மாற்றி 120 மீட்டர் தருவதற்கு ஒப்புக்கொண்டது. அவர்கள் கேட்டது அதைவிட அதிகம். கிடைத்ததும் சிறிதல்ல.

இரண்டு திட்டங்களும் ஒன்றல்ல, ஒப்பிடுவதில் எல்லை உண்டு. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. திட்டமே கூடாது என்ற ஆட்சேபத்தை அரசு அரசியல் என்று ஒதுக்கிவிடுகிறது. இத்தனை மீட்டர் வேண்டும், இந்த இடத்தில் வேண்டும், இந்தக் காரணத்தால் வேண்டும் என்பதை ஒதுக்க அது பதில் எழுதியாக வேண்டும். அறிக்கையில் எழுதும் பதில் பொய்யாக இருந்தால் பிறகு மாட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை விடச் சொல்லவில்லை. அதோடு அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

என் கணிப்பில் பெரிய கோளாறு காலத்தில் இருக்கிறது. வடிவமைப்பு முடிந்து, மதிப்பீடு போட்டு, பல சமயம் டெண்டர் பேச்சுகூட வந்த பிறகே மக்கள் முன் வருகிறார்கள். அப்போது மாற்றச் சொன்னால் செலவு கூடும் என்கிறார்கள். கோடு போடுவதற்கு முன்பே கரைக்கு வந்து கேட்டால் இந்தச் செலவு ஏது?

வரைபடம், வரைபடம் என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது. 2011-இல் புதிதாகவும், 2019 ஜனவரியில் மறுபடி தளர்த்தியும் வெளியிட்டார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டருக்குள் என்ன கட்டலாம், கட்டக் கூடாது என்பதை அது சொல்கிறது. கிராமப்புறக் கரைகளில் மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிக்கு 50 மீட்டர், மற்ற இடத்துக்கு 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் நெருக்கம் மிகுந்ததாகக் கணக்கு. அதாவது நிறையப் பேர் வாழும் கரையில் பாதுகாப்புப் பட்டை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இந்த அறிவிக்கையை நடைமுறைப்படுத்த ஒவ்வொரு மாநிலமும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் தயாரிக்க வேண்டும். மீனவக் கிராமங்கள், படகு நிறுத்துமிடம், மீன் காயப்போடும் களம், ஏலக்கூடம், ஐஸ் ஆலை, மீனவர்களின் பொதுநிலம் எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். அவர்களின் வருங்கால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும். தமிழகத்தின் வரைவு வரைபடத்துக்கு 2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் கருத்துக்கேட்பு நடந்தபோது மீனவர்கள் கொந்தளித்தது இதற்காகத்தான். எங்கள் ஊரையே காணோம், வலை காயும் இடத்தைக் காணோம் என்றார்கள்.

வரைபடத்தில் இல்லாதது சட்டத்தின் கண்ணில் இல்லாதது. எண்ணூரில் இதைப் பார்த்தோம். 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் கழிமுகம் முழுதாக இருந்தது. பிற்பாடு வந்த ஒரு வரைபடத்தில் அது பெரும்பாலும் மறைந்திருந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2017-இல் வெளிக்கொண்டுவந்தார்கள். நீர் ஓடும் இடத்தையே தாளில் அழிக்க முடியும் என்றால், வலை காயப்போடும் மணல் எம்மாத்திரம்? சென்னை ஊரூர் குப்பத்து மீனவர்கள் தங்கள் கரையைத் தாங்களே அளந்து வரைந்தார்கள். மற்றக் குப்பங்களும் அதைச் செய்ய வேண்டும். கையில் நம் வரைபடம் இருந்தால்தான் அரசின் வரைபடத்தில் எது விடுபட்டது என்று விரலை வைத்துக் காட்ட முடியும்.

சாலையோரத்தில் மீன் விற்பது ஆக்கிரமிப்புதானே?

எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2014-இல் நடைமுறைக்கு வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. ஊரிலுள்ள வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் அறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடக்கிற இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. படகு வந்து நிற்கும் கரையில் மூன்று தலைமுறையாக மீன் விற்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான விதி ஏது?

லூப் சாலையில் பிறகு நவீன மீன் அங்காடி கட்டினார்கள். 366 கடைகள், ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவு, 2024 ஆகஸ்டில் திறப்பு. தண்ணீர், வடிகால், கூரை எல்லாம் உண்டு. சாலை நெரிசல் குறையும் என்பதும் உண்மை. விற்கிறவர்களின் கவலை வேறு. போகிற போக்கில் வண்டியை ஓரங்கட்டிச் சங்கராவோ வஞ்சிரமோ வாங்கிப் போனவர், இறங்கி உள்ளே நடந்து வருவாரா? ஒரு கடைக்குள் அம்மாவும் மகளும் மருமகளும் சேர்ந்து உட்கார இடம் இருக்கிறதா? அங்காடியின் உள்ளமைப்பைத் தீர்மானிக்கும்போது இப்படிப்பட்ட விஷயங்களைப் பேச வேண்டிய ஆள், அன்றாடம் கூடை சுமக்கிற பெண்தான். குழுக்களில் அவரை உட்கார வைப்பது அபூர்வம். ஊர்ப் பஞ்சாயத்திலும் ஆண்கள்தான் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புது வீடு தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

எங்கே தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுனாமிக்குப் பிறகு சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். கடலுக்கும் அங்கேயிருந்த வீட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கவே கூலி போனது. அதே மணலில், அதே குப்பத்தில், அடுக்குமாடி கட்டித் தருவது ஒன்று. ஊருக்கு வெளியே அனுப்புவது முற்றிலும் வேறு. இரண்டுக்கும் காகிதத்தில் மறுகுடியமர்வு என்றே பெயர்.

நீலக்கொடி என்கிறார்களே?

டென்மார்க்கிலிருந்து இயங்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தரும் சான்று அது. தண்ணீரின் தரம், சுத்தம், பாதுகாப்பு, வசதி என 33 அளவுகோல்கள். தமிழ்நாட்டில் கோவளம் 2021-இல் பெற்றது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, கண்காணிப்புக் கோபுரம் போன்றவற்றை உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி வைத்தால் போதும் என்று இதற்காக 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு விதியைத் தளர்த்தியது. கடல் தண்ணீரின் தரம் மேம்பட்டால் எல்லாருக்கும் நல்லது. குளிக்க வருகிறவருக்கென வேலி போட்டு, படகு ஏறும் மணலைக் குறைக்கக் கூடாது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறதே, நாங்கள் எப்படிப் படிப்பது?

சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும் என்பது விதி. தரவில்லை என்றால் கூட்டத்துக்கு முன்பே ஆட்சியருக்கு எழுதிக் கேளுங்கள். கூட்டம் தொடங்கியவுடன் முதல் ஆட்சேபமாக அதைப் பதிவு செய்யுங்கள்.

கூட்டத்தில் என்ன பேசுவது? மைக்கைக் கண்டாலே வாய் வரவில்லையே.

பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதிக் கொடுத்தாலும் அதே மதிப்பு. பெயர், ஊர், என்ன தொழில், திட்டம் வரும் இடத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு வரி. பிறகு ஒரே ஒரு விஷயம், அளவோடு. எங்கள் குப்பத்தில் இத்தனை படகு, ஒவ்வொன்றையும் ஏற்ற இத்தனை அடி மணல் வேண்டும், உங்கள் நடைபாதை அதில் இத்தனை அடியை எடுக்கிறது. இது போதும். பத்துப் பேர் ஒரே மனுவை நகலெடுத்துக் கொடுப்பதைவிடப் பத்துப் பேர் பத்து விஷயத்தைக் கொடுப்பது பயன்தரும்.

கூட்டம் முடிந்த பிறகு பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போட்டு நடவடிக்கைக் குறிப்பையும் வீடியோப் பதிவையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் கதவு சாத்தப்படும். இந்த நாள் கணக்கைத் தெரியாமல் தவறவிட்டவர்கள் ஏராளம்.

எல்லாம் சரி. கடலே இல்லாத வன்னியம்பட்டிக்காரர்களுக்கு இதில் என்ன?

கோயம்புத்தூரைப் பாருங்கள். அங்கேயும் கடல் இல்லை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் முதலான குளங்களின் கரைகளை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சீரமைத்தார்கள். மாலையில் ஊரே அங்கே உலாவுகிறது, நன்றாகவும் இருக்கிறது. அந்தக் கரைகளில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களின் குடியிருப்புகளுக்குப் போக வேண்டியிருந்தது. குளத்தின் கரையைக் கற்கட்டாக இறுக்கினால் நீர்ப்பிடிப்பு என்னாகும், பறவைக்கு என்னாகும் என்று அங்குள்ள சூழல் ஆர்வலர்கள் கேட்டார்கள். மதுரை வண்டியூர் கண்மாயிலும் இதே மாதிரிப் பேச்சு எழுந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் நிரப்பும் கண்மாய்களை நம்பியிருக்கிற ஊர்கள் நம்முடையவை. கண்மாய்க்கரையில் நடைபாதை என்று பேச்சு வந்தால் மடை எங்கே, கலிங்கு எங்கே, நடைபாதை போட்ட பிறகு மாட்டு வண்டியும் டிராக்டரும் எந்த வழியில் வயலுக்கு இறங்கும், கண்மாய்க்குள் மண் கொட்டிக் கரையை அகலப்படுத்துகிறார்களா, அப்படியானால் தண்ணீர் நிற்கும் பரப்பு எவ்வளவு குறையும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கண்மாயை அளந்து எல்லை காட்டி, அறிவிப்புக் கொடுத்த பிறகே எதையும் அகற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. ஏழை வீட்டை அகற்றுகிற அந்தச் சட்டம், அழகுக்காகக் கண்மாய்க்குள் கட்டுகிற சுவரைக் கேட்காமல் விடலாமா என்பது நியாயமான கேள்வி. பாசன விவசாயிகளுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் உண்டு. அவர்களையும் கேட்க வேண்டும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளில் இருப்பவர்களுக்கு வார்டுக் குழுவும் ஏரியா சபையும் இருக்கின்றன. 2022-இல் அதற்கான விதிகள் வந்தன. கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. திட்டம் வந்த பிறகு ஓடி நிற்பதைவிட, வருவதற்கு முன்பே, எங்கள் கண்மாயின் எல்லை இது, மடை இது, வழி இது, இவற்றை மாற்றும் எந்தப் பணியையும் சபையின் முன் வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.